ஹோம் தியேட்டர் ப்ரீ-ஆம்ப் மாட்டுறது: பவர் ஆம்ப் கடைசியா தான் ஆன் ஆகணும்

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இது ஏ.வி. ரிசீவர் வச்சிருக்கவங்களுக்கு எழுதுனது கிடையாது. ரிசீவர்ல எல்லாமே ஒரே பெட்டிக்குள்ள இருக்கும். ப்ரீ-ஆம்ப் ப்ராசசர்ங்கிறது டால்பி, டி.டி.எஸ்னு வர்ற சரௌண்ட் சத்தத்தை எல்லாம் ஸ்பீக்கர் ஸ்பீக்கரா பிரிச்சு குடுக்கும், வால்யூம் பாத்துக்கும், பேஸை, அதான் தும்முனு வர்ற அடி சத்தத்தை, அதுக்குன்னே இருக்குற சப்வூஃபர் ஸ்பீக்கருக்கு ஒதுக்கும், ஹெச்.டி.எம்.ஐல வர்ற பெட்டியில எது வேணுமோ அதுக்கு மாத்தி விடும், ஆனா ஸ்பீக்கரை ஓட்டாது. அதுக்கு தனியா பவர் ஆம்ப் வேணும். பின்னாடி ஸ்பீக்கர் டெர்மினலே இல்லையேன்னு பெட்டியை திருப்பி திருப்பி பாத்தவங்க வீட்டுக்கெல்லாம் நான் போயிருக்கேன்.

ராமநாதபுரம் கடலோரத்துல மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கம் நான் போய் பாத்த செட்டுல சாமான் கெட்டுப்போனது கம்மி, மாட்டுன வரிசை தப்பா இருந்தது தான் ஜாஸ்தி. அதனால கீழ இருக்குற நம்பர் படியே போங்க, நடுவுல தாவாதீங்க.

1. பிளக் சொருகுறதுக்கு முன்னாடி பின்பக்க லேபிளைப் படிங்க

நம்ம ஊர் பக்கம் பாதி சாமான் வெளிநாட்டுல இருந்து தான் வருது. துபாய்ல வாங்குனதுன்னா வோல்டேஜ் பிரச்சனை இல்ல, 220-240ன்னு போட்டிருக்கும், நம்ம 230க்கு சரியா போயிடும். அமெரிக்கால இருந்து வந்ததுன்னா 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் இருக்கும். அதை நேரா சொருகினா அன்னைக்கே கதை முடிஞ்சுது.

கீழக்கரையில ஒரு காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) வீட்ல இப்படித்தான். மகன் அங்க இருந்து அனுப்பி வச்ச பவர் ஆம்ப், பிளக்கை மட்டும் அறுத்துட்டு நம்ம ஊர் மூணு பின் போட்டு ரெடியா வச்சிருந்தாரு. "தம்பி, ஸ்விட்ச் போடட்டுமா"ன்னு கை வைக்கப் போறாரு, நான் லேபிளை டார்ச் அடிச்சு காட்டுனேன். அப்படியே கையை எடுத்துட்டு சேர்ல உக்காந்துட்டாரு. பின்பக்கம் 115/230 மாத்துற ஸ்விட்ச் இருந்தா ஆஃப்ல வச்சு மாத்திக்கலாம், இல்லைன்னா ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தான். அதுவும் ஆம்ப் லேபிள்ல எத்தனை வாட் இழுக்கும்னு போட்டிருக்கோ அதை விட நல்லா பெருசா வாங்கணும், சின்னதா வாங்கினா பேஸ் வர்ற நேரத்துல திணறும்.

துபாய் பிளக் மூணு சதுர பின்னு. அதுக்கு கடையில கிடைக்கிற சின்ன கன்வெர்ட்டர் போடாதீங்க, பல கன்வெர்ட்டர்ல எர்த் பின் பேருக்கு தான் இருக்கும், உள்ள எதோடயும் தொடாது. பெரும்பாலான பெட்டியில கார்டு கழட்டுற மாதிரி தான் இருக்கும், ப்ரீ-ஆம்புக்கு கம்ப்யூட்டருக்கு போடுற பவர் கார்டே போதும். பெரிய பவர் ஆம்ப்ல சாக்கெட்டே வேற சைஸா இருக்கும், அதுக்கு 16 ஆம்ப் கார்டு.

2. எர்த் பாருங்க, இத தாண்டி போகாதீங்க

மல்டிமீட்டர் எடுத்து ஏ.சி. வோல்ட்ல வச்சு மூணு தடவை அளங்க. ஃபேஸ்-நியூட்ரல் 230 பக்கம் காட்டணும். ஃபேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதே காட்டணும். நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ஃபேஸ்-எர்த் 90, 120ன்னு மிதந்துட்டு இருந்தா எர்த் அந்து போச்சுன்னு அர்த்தம். மீட்டர்ல சரியா காட்டினாலும் எர்த் பலமா இருக்குன்னு உறுதி சொல்ல முடியாது, லோடு குடுத்து பாக்குறது எலக்ட்ரீஷியன் வேலை, நீங்க ஒயரை வச்சு பாக்காதீங்க.

நம்ம பக்கம் இது ரெண்டு விதமா போகும். மேல் மணல் காஞ்சு கிடக்கும், அதுல எர்த் எடுக்காது, ஈரம் வர்ற ஆழம் வரைக்கும் பைப் இறங்கியிருக்கணும். இறங்கின பைப்பை உப்புத்தண்ணி தின்னுடும். முக்கியமா மேல ஒயர் முறுக்கி போல்ட் போட்ட எடம், அதுல துரு பிடிச்சு கையால தொட்டா உதிரும். ராமேஸ்வரத்துல ஒரு வீட்ல ஆம்ப் பாடிய தொட்டா சுர்ருன்னு இருக்குன்னு கூப்பிட்டாங்க, போய் பாத்தா எர்த் ஒயரும் பைப்பும் ஒண்ணோட ஒண்ணு தொடவே இல்ல, நடுவுல வெறும் துரு.

எர்த் சரியில்லாம ப்ரீ-ஆம்ப் மாட்டினா ரெண்டு நடக்கும். ஒண்ணு, ஹம் சத்தம், அதான் ம்ம்ம்னு விடாத இரைச்சல் வரும். இன்னொன்னு, டிவிக்கும் ஆம்புக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் வந்து ஹெச்.டி.எம்.ஐ போர்ட் போயிடும். போர்ட் போனா ப்ராசசர் போர்டையே மாத்துற செலவு.

3. எடம்

ப்ரீ-ஆம்பை பவர் ஆம்ப் மேல ஏத்தி வைக்காதீங்க. ரெண்டுமே சூடாகும், ப்ராசசர் சிப் சூடு உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். மேல பத்து சென்டிமீட்டராவது காலியா விடுங்க. கதவு போட்ட ஷோகேஸ்னா பின்பலகையை அறுத்து விடணும். ஜன்னலுக்கு நேரா வேண்டாம், கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மணலும் உப்பும் நேரா உள்ள போகும்.

அப்புறம் பல்லி. சூடுக்கு பவர் ஆம்புக்குள்ள போய் படுத்துக்கும், சர்க்யூட்ல எங்கயாவது ரெண்டு பார்ட்ஸோட கம்பிக்கு நடுவுல மாட்டினா ஷார்ட். ஷோகேஸ் பின்பக்கம் கொசு வலை அடிங்க, ஆம்ப் ஓட்டை மேல நேரா துணி போட்டு மூடாதீங்க.

4. ஒயரும் கேபிளும்

ஸ்பீக்கர் ஒயர்ல தான் ஏமாத்து ஜாஸ்தி. செம்பு கலர்ல பளபளன்னு இருக்கும், உள்ள அலுமினியம். பிளேடால குறுக்க வெட்டி முனைய உத்துப் பாருங்க. வெளிய சிவப்பு, உள்ள வெள்ளைன்னா அலுமினியத்து மேல செம்பு பூசுனது, வேண்டாம். வெளிய வெள்ளை, உள்ள சிவப்புன்னா செம்பு மேல வெள்ளீயம் பூசுனது, அது தான் நம்ம ஊருக்கு நல்லது. படகுல ஒயரிங் பண்றதுக்கும் இந்த மாதிரி வெள்ளீயம் பூசுன ஒயர் தான் எடுப்பாங்க, உப்புக்காத்துக்கு சீக்கிரம் பச்சை பிடிக்காது. அது கிடைக்கலைன்னா சுத்த செம்பு ஒயர் போதும். 8 ஓம் ஸ்பீக்கர், பத்து பதினைஞ்சு மீட்டர் வரைக்கும்னா 2.5 சதுர மில்லிமீட்டர் தாராளம்.

ப்ரீ-ஆம்ப்ல இருந்து பவர் ஆம்புக்கு ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு போற சத்தத்துக்கு, ஒரு ஆர்.சி.ஏ (நடுவுல ஒரு பின், சுத்தி வளையம் இருக்குற கேபிள்). 5.1னா, அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்னா, ஆறு, அதுல சப்வூஃபருக்கு தனியா நீளமா ஒண்ணு. ரெண்டு பெட்டியும் பக்கத்துல இருந்தா ஒரு மீட்டர் போதும், மிச்சமா வாங்கி சுருட்டி வச்சா அதுவே ஹம்மை இழுக்கும். பவர் ஆம்ப் ஸ்பீக்கர் பக்கமா தூரத்துல இருந்து, ரெண்டு பெட்டியிலயும் எக்ஸ்.எல்.ஆர் (மைக்குக்கு போடுற மூணு பின் கேபிள்) இருந்தா எக்ஸ்.எல்.ஆர் போடுங்க, தூரத்துக்கு அது தான் இரைச்சல் இழுக்காது.

ஹெச்.டி.எம்.ஐ கேபிள்ல 4கே, ஹெச்.டி.ஆர் பாக்க 18 ஜிபிபிஎஸ் தாங்குற ப்ரீமியம் ஹை ஸ்பீடு போதும். கேம் கன்சோல் 4கேல நொடிக்கு 120 ஃப்ரேம் ஓட்டுறவங்களுக்கு தான் 48 ஜிபிபிஎஸ் அல்ட்ரா ஹை ஸ்பீடு.

5. பேப்பர்ல படம் போடுங்க

சிரிக்காதீங்க. எந்த ஓட்டையில இருந்து எந்த ஓட்டைக்குன்னு ஒரு படம், ஒவ்வொரு கேபிளோட ரெண்டு முனையிலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி ‘ஃப்ரண்ட் இடது’, ‘சென்டர்’னு பேனாவால எழுதுங்க. எல்லா முனையும் ஒரே கருப்பு கலர்ல கிடக்கும், ஷோகேஸுக்கு பின்னாடி தலைய விட்டுக்கிட்டு யோசிக்க முடியாது.

6. முதல்ல ஸ்பீக்கரும் பவர் ஆம்பும், பிளக் எல்லாம் கழட்டி வச்சுட்டு

ஒயர் முனைய ஒரு சென்டிமீட்டர் சீவி நல்லா முறுக்கி சொருகுங்க. ஒரே ஒரு இழை வெளிய நீட்டிக்கிட்டு பக்கத்து டெர்மினலை தொட்டாலும் ஆம்ப் அவுட்புட் ஷார்ட். ஒயர் முனையில மாட்டுற பனானா பிளக் போட்டா இந்த பயம் இல்ல, தங்க முலாம் பூசினதா வாங்குங்க.

பிளஸ் மைனஸ் மாறியிருக்கான்னு பாக்க பவர் ஆம்ப் பக்கத்து முனையில பென்டார்ச் பேட்டரி, அதான் 1.5 வோல்ட், ஒரு நொடி தொட்டு எடுங்க. ஆம்ப்ல இருந்து ஒயரை கழட்டிட்டு தான் இத பண்ணணும். பேட்டரி பிளஸ் ஒயர் பிளஸ்ல பட்டா வூஃபர் கோன், அதான் ஸ்பீக்கர்ல தெரியுற பெரிய கூம்பு, வெளிய தள்ளணும், உள்ள போனா மாறியிருக்கு. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தா டயலாக் நடுவுல நிக்காது, பேஸ் சப்பையா போயிடும், ஆள் ஆம்ப் மேல பழி போட்டு வித்துடுவான். சுவத்துக்குள்ள ஒயர் போயிருந்தா கட்டாயம் பாருங்க.

7. ப்ரீ-ஆம்ப்ல இருந்து பவர் ஆம்புக்கு

இப்பவும் எல்லாம் ஆஃப். ஏன்னா ஆர்.சி.ஏ பின்னோட டிசைன் அப்படி, சொருகும் போது நடு பின் முதல்ல தொடும், வெளி வளையம் அப்புறம் தான் தொடும். அந்த இடைவெளியில பவர் ஆம்ப் ஓடிக்கிட்டு இருந்தா டமார்னு ஒரு சத்தம் முழு பவர்ல ஸ்பீக்கருக்கு போகும். நான் ஆரம்பத்துல ஒரு சென்டர் ஸ்பீக்கரோட ட்வீட்டரை (கீச்சு சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கரை) இப்படித்தான் கொன்னேன், அதுவும் என் சொந்த ஸ்பீக்கர், ‘ஒரு நிமிஷ வேலை தானே’ன்னு நெனச்சது.

ப்ரீ-ஆம்ப் பின்னாடி ‘ப்ரீ-அவுட்’னு எழுதியிருக்குற வரிசையில இருந்து எடுக்கணும். அதே மாதிரி சைஸ்ல ஆடியோ இன் ஓட்டைகளும் இருக்கும், பாதி பேர் அதுல சொருகிட்டு சத்தம் வரலைன்னு சொல்லுவாங்க. சப்வூஃபருக்குள்ளயே ஆம்ப் இருந்தா சப் ப்ரீ-அவுட்ல இருந்து நேரா சப்புக்கு போயிடணும்.

நம்ம பக்கம் ரேடியோ செட் காரங்க கிட்ட இருந்து மைக் செட்டுக்கு ஓட்டுற பழைய பி.ஏ. பவர் ஆம்ப் வாங்கி மாட்டுறவங்க உண்டு. தப்பில்ல, பவர் நிறைய இருக்கும். ஆனா ஃபேன் சத்தம் படம் பாக்குற ரூம்ல கேக்கும், அதோட முன்னாடி இருக்குற திருகை வால்யூம்னு நெனச்சு முழுசா திருப்பி வச்சா ஸ்பீக்கர்ல உஸ்ஸுன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். எல்லா சேனலையும் பாதியில ஒரே அளவா வச்சுட்டு டேப் ஒட்டிடுங்க, வால்யூம் வேலைய ப்ரீ-ஆம்ப் பாத்துக்கும். ரெண்டு சேனலை ஒண்ணா சேக்குற பிரிட்ஜ் மோடு ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கான்னும் பாருங்க.

பவர் கார்டும் சிக்னல் கேபிளும் ஒட்டி ஒட்டி ஓட வேண்டாம். குறுக்க வந்தே ஆகணும்னா சிலுவை மாதிரி நேர் குறுக்கா போகட்டும்.

8. டிவி, பிளேயர், ஸ்டிக்

ப்ளூ-ரே, ஸ்ட்ரீமிங் பெட்டி எல்லாம் ப்ரீ-ஆம்ப் ஹெச்.டி.எம்.ஐ இன்ல. ப்ரீ-ஆம்ப் அவுட்ல இருந்து டிவியில ஏ.ஆர்.சி இல்லைன்னா அதோட புது வகை இ-ஏ.ஆர்.சின்னு எழுதியிருக்குற ஓட்டைக்கு மட்டும், டிவி சத்தத்தை அதே கேபிள்ல திருப்பி அனுப்புறது அது தான். வேற ஓட்டையில போட்டா படம் வரும், டிவியோட சொந்த ஆப் சத்தம் திரும்பி வராது.

சாதா ஏ.ஆர்.சில சுருக்கின டால்பி வரும், ஓ.டி.டி.ல வர்ற அட்மாஸும் (தலைக்கு மேலயும் சத்தம் வர்ற டால்பி) அதுல வந்துடும். ப்ளூ-ரேல இருக்குற, தரம் குறையாத ட்ரூ-ஹெச்.டி, டி.டி.எஸ்-ஹெச்.டி மாஸ்டர் டிவி வழியா வரணும்னா தான் இ-ஏ.ஆர்.சி வேணும். பிளேயரை நேரா ப்ரீ-ஆம்ப்ல மாட்டினா அந்த கவலையே இல்ல. ஆப்டிகல் கேபிள் 5.1 வரைக்கும் தான், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

பிளேயர் செட்டிங்ல பிட்ஸ்ட்ரீம் வைங்க, அப்ப தான் சத்தத்தை பிரிக்காம அப்படியே அனுப்பும். செகண்டரி ஆடியோவை (மெனு சத்தம், கமென்டரி மாதிரி) ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா பிளேயர் ரெண்டு சத்தத்தை கலக்கணும்னு ட்ரூ-ஹெச்.டிய விட்டுட்டு சாதா டால்பியா இறக்கி அனுப்பும், ப்ரீ-ஆம்ப் டிஸ்ப்ளேல வெறும் டால்பி டிஜிட்டல்னு தான் வரும். ‘ப்ராசசர் ஓட்டை சார்’னு வந்த ரெண்டு மூணு கேஸ் இந்த ஒத்த செட்டிங் தான்.

9. ஆன் பண்ற வரிசை

டிவி, பிளேயர் முதல்ல. அப்புறம் ப்ரீ-ஆம்ப். அது முழுசா எழுந்திரிச்சு இன்புட் பேர் காட்டுற வரைக்கும் பொறுங்க. கடைசியா பவர் ஆம்ப். ஆஃப் பண்றப்ப தலைகீழா, பவர் ஆம்ப் முதல்ல. ப்ரீ-ஆம்ப் ஆன் ஆகுறப்பவும் ஆஃப் ஆகுறப்பவும் டும்னு ஒரு சிக்னல் வெளிய வரலாம், அப்ப பவர் ஆம்ப் தூங்கிக்கிட்டு இருந்தா அது ஸ்பீக்கருக்கு போகாது, அவ்வளவு தான் விஷயம்.

ரெண்டுலயும் 12 வோல்ட் ட்ரிக்கர் ஓட்டை (ப்ரீ-ஆம்ப் ஆன் ஆனா பவர் ஆம்பையும் ஆன் பண்ணச் சொல்றது) இருந்தா 3.5 மில்லிமீட்டர் மோனோ கேபிள் ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க, இந்த வரிசையை அதுவே பாத்துக்கும். கரண்ட் போயிட்டு திரும்பி வர்றப்ப தான் இதோட அருமை தெரியும். ட்ரிக்கர் இல்லைன்னா பவர் ஆம்ப் தானா ஆன் ஆகி நிக்கும், கீழ ப்ரீ-ஆம்ப் அப்பதான் கண்ணை முழிக்கும். ட்ரிக்கர் இல்லாதவங்க கரண்ட் போன உடனே எழுந்து போய் பவர் ஆம்ப் ஸ்விட்சை அமத்துங்க.

ப்ரீ-ஆம்பை மட்டும் சின்ன யு.பி.எஸ்ல போடலாம், கம்மியா தான் இழுக்கும். பவர் ஆம்ப் நேரா சுவத்துல. ரெண்டும் ஒரே போர்டு எர்த்துக்கு வரணும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓட்டினா உர்ர்னு சத்தம் வரும், செட் கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க.

10. முதல் சத்தம்

வால்யூம் டெசிபல்ல மைனஸா காட்டும். மைனஸ் 50ன்னா சின்ன சத்தம், 0 தான் பெரிய சத்தம். 0ன்னா சத்தமே இல்லன்னு நெனச்சு அங்க வச்சு ஆன் பண்ணவர் வீட்ல பூனை ரெண்டு நாள் வீட்டுக்கே வரல. மைனஸ் 45ல ஆரம்பிங்க.

படம் போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. மெனுல டெஸ்ட் டோன் இருக்கும், ஒவ்வொரு ஸ்பீக்கரா உஷ்ஷுன்னு போகும். சென்டர்னு காட்டுறப்ப சென்டர்ல தான் வருதான்னு எழுந்து போய் காதை வச்சு கேளுங்க. சரௌண்ட் இடதும் வலதும் மாறியிருக்குறத படம் பாத்து கண்டுபிடிக்க மாசக்கணக்காகும், டெஸ்ட் டோன்ல பத்து செகண்ட்.

11. கையால போட வேண்டிய செட்டிங்

இல்லாத ஸ்பீக்கரை ‘இல்லை’ன்னு போடுங்க, இல்லைன்னா அந்த சேனல் சத்தம் எங்கயும் வராம காத்துல போகும். எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால்னு வைங்க, பெருசா இருந்தாலும் சரி. லார்ஜ்னு போட்டா பேஸ் சப்புக்கு போகாது, வூஃபர் தான் முக்கும். கிராஸ்ஓவர், அதான் எதுக்கு கீழ சத்தம் சப்புக்கு போகணும்ங்கிற எல்லை, 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க, சின்ன சாட்டிலைட் ஸ்பீக்கர்னா 120. எல்.எஃப்.இ, அதான் படத்துலயே தனியா வர்ற பேஸ் சேனல், 120 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் பின்னாடி இருக்குற கிராஸ்ஓவர் திருகை முழுசா மேல வச்சுடுங்க, ரெண்டு எடத்துல வடிகட்டினா நடுவுல பள்ளம் விழும்.

தூரம் டேப் வச்சு அளந்து போடுங்க. ஒரு மில்லிசெகண்டுல சத்தம் 34 சென்டிமீட்டர் போகும், ப்ராசசர் அந்த கணக்கை வச்சு தான் கிட்ட இருக்குற ஸ்பீக்கரை தாமதப்படுத்தும். சரௌண்ட் ரெண்டும் உக்கார்ற எடத்துக்கு பக்கவாட்டுல இருந்து கொஞ்சம் பின்னால, 110 டிகிரி பக்கம், காதுக்கு மேல கொஞ்சம் உயரமா.

12. மைக் வச்சு ட்யூனிங்

ப்ரீ-ஆம்ப்ல மைக் வச்சு தானா ட்யூன் பண்ற வசதி ஆடிசி, டிராக், வை.பி.ஏ.ஓ எதுவா இருந்தாலும் மைக்கை சோஃபா மேல படுக்க போடாதீங்க, கேமரா ட்ரைபாட்ல காது உயரத்துல நிக்கணும். முதல் எடம் நீங்க உக்கார்ற எடம், தூரம் லெவல் எல்லாம் அங்க இருந்து தான் கணக்கு.

ஃபேன், ஏ.சி., ஃப்ரிட்ஜ் எல்லாம் அமத்துங்க. நம்ம ஊர்ல இன்னொரு தொல்லை காத்து. பாம்பன்ல ஒரு வீட்ல மூணு தடவை ஓட்டியும் ‘சத்தம் அதிகமா இருக்கு’ன்னே வந்துச்சு, ஜன்னல் கதவு தடதடன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு, அந்த வீட்டு அக்கா பேப்பர் மடிச்சு சந்துல சொருகுனாங்க, அடுத்த தடவையே முடிஞ்சுது. காத்து அடங்குன நேரமா பாருங்க, அதுலயும் விசைப்படகு இன்ஜின் ஸ்டார்ட் பண்ற நேரம் வேண்டாம், அந்த டீசல் உறுமல் நேரா சப்வூஃபர் கணக்குல சேந்துடும்.

முடிஞ்சதும் ஸ்பீக்கர் சைஸை திரும்பி பாருங்க. பெரிய ஸ்பீக்கர்னா மைக் ட்யூனிங் தானா லார்ஜ்னு மாத்தி வச்சிருக்கும்.

13. ஹம் வந்தா

கேபிளை ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கணும், ஒவ்வொரு தடவையும் பவர் ஆம்ப் ஆஃப். முதல்ல கழட்ட வேண்டியது டிஷ் இல்லைன்னா கேபிள் டிவி ஒயர். அது வெளிய வேற எர்த்தை தொட்டுக்கிட்டு வரும், அதை புடுங்கின உடனே ஹம் நின்னா குத்தவாளி அது தான், அந்த ஒயருக்கு ஐசோலேட்டர் போட்டுக்கலாம். அப்பவும் நிக்கலைன்னா பவர் ஆம்ப்ல இருந்து ஆர்.சி.ஏ எல்லாத்தையும் எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. வெறும் ஆம்ப்லயே ஹம் இருந்தா ஆம்ப் கோளாறு, இல்லைன்னா ப்ரீ-ஆம்ப் பக்கம்.

பவர் கார்டு எர்த் பின்னை உடைச்சா ஹம் நிக்கும்னு யாராவது சொல்லுவாங்க. நிக்கும் தான். உள்ள ஏதாவது ஒயர் பாடியில பட்டா கரண்ட் உங்க கை வழியா போகும்.

14. உப்பு

மாட்டி எட்டு ஒம்போது மாசத்துல ஒரு சேனல் கரகரங்கும், ஆர்.சி.ஏவை லேசா திருகினா சரியாகும். பிடுங்கிப் பாத்தா வளையத்துல பச்சை. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் பஞ்சுல நனைச்சு துடைச்சு, காஞ்சப்புறம் சொருகுங்க, இல்லைன்னா எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர். தேங்காயெண்ணெய், மெஷின் ஆயில் போடுற ஆளுங்க இருக்காங்க, அதுல மணல் தூசி வந்து ஒட்டி பசையாயிடும். ஸ்பீக்கர் ஒயர் முனை கருத்திருந்தா சுரண்டாதீங்க, ரெண்டு இஞ்ச் வெட்டிட்டு புதுசா சீவுங்க, அதுக்காகவே முதல்ல மாட்டுறப்ப ஒரு அடி மிச்சம் விட்டு வைங்க.

காலியா இருக்குற ஆர்.சி.ஏ, ஹெச்.டி.எம்.ஐ ஓட்டைக்கெல்லாம் ரப்பர் மூடி போடுங்க. செட்டை மாசக்கணக்கா போடாம வச்சிருக்காதீங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு மணி நேரம் ஓடினா அந்த சூட்டுலயே உள்ள ஈரம் காஞ்சுடும். வாடைக்காத்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லா பிளக்கையும் ஒரு தடவை கழட்டி துடைச்சு மாட்டுங்க, அப்ப ஷோகேஸ் பின்னாடி அந்த டேப்ல எழுதி ஒட்டுனது இருக்கும், பேப்பர்ல போட்ட படத்தை பாக்காமலே மாட்டிடலாம்.